ஏழா, எட்டா?

ஒரு ஆட்டுக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுப்பீர்களா?

கொடுக்கமாட்டீர்கள். நானும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை பாய் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றிவிட்டால், அடுத்த கடைக்குப் போகிறவன்போல் பத்தடி நடந்து, அவர் கூப்பிடுகிறாரா என்று திரும்பிப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவன் கனடாவின் வடக்கு மூலையில் ஒரு மலைச் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு ஆட்டின் வயதைப் பற்றிப் பொய் சொன்னேன். யாருக்கும் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கு ஆடு வரைக்கும் தெரியும். பொய் தெரியாது.

எட்மன்டனில் என் பெரியம்மா பையன் இருக்கிறார். இரண்டு பேருமே பி.காம். அண்ணன் மேற்கொண்டு படித்தார். நான் மேற்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அதனால் விமான டிக்கெட் அவர் செலவு. "ரெண்டு மாசம் வந்து இருடா" என்றார். போனேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், அவருடைய கட்சிக்காரர் ஒருவர் பழைய ஷூ பெட்டி நிறைய ரசீதுகளோடு வீட்டுக்கு வந்தார். அறுபத்தேழு வயது. எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி நாலு வருஷம். அண்ணி கொடுத்த ஃபில்டர் காப்பியை மருந்துபோல் மடக்கென்று குடித்துவிட்டு, நடுவில் பிரச்னையைச் சொன்னார்.

இரண்டு வருஷம் முன்பே ஒரு வேட்டைப் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். வடமேற்குப் பிரதேசத்தில் மெக்கன்ஸி மலைத்தொடர். பத்து நாள். ஒரு டால் செம்மறிக் கிடா, ஒரு கேரிபு மான். நம்ம ரூபாயில் முப்பது லட்சத்துக்குக் கிட்ட. கூட வருவதாக இருந்த சிநேகிதருக்கு முழங்காலில் ஆபரேஷன். அவர் சுடுவதற்கு இல்லை, சும்மா துணைக்கு. அதற்கு 'நான்-ஹன்டர்' என்று தனிக் கட்டணம். அந்தப் பணம் திரும்ப வராது.

திரும்ப வராது என்றதும் அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் 'காசு கொடுத்தாச்சு' என்பது வேதவாக்கு. படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் வணக்கம் போடுகிறவரை எழுந்திருக்கமாட்டோம். மொய் எழுதிவிட்டால் மூன்றாம் தடவை பாயசம் கேட்போம்.

"உன்னால நடக்க முடியுமா?" என்றார் பெரியவர்.

"தினமும் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன் சார்."

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அப்பா வயசு மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு புரளவில்லை. கடைசிவரை சார்தான்.

மனைவிக்குப் போன் போட்டேன். "கேரிபுவா? பீச்செல்லாம் இருக்குமே, அந்தத் தீவா?"

"அது கரீபியன். இது மான். மலைமேல."

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"காசு கொடுத்தாச்சாம்."

"அப்ப போயிட்டு வாங்க."

அடுத்த ஒரு வாரம் அண்ணன் என் முதுகுப் பையில் பத்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டு, எட்மன்டன் ஆற்றங்கரை மரப்படிகளில் ஏறி இறங்க வைத்தார். ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்கள் என்னைத் தாண்டும்போது "குட் ஜாப்" என்று உற்சாகப்படுத்தினார்கள். அரிசி என்று அவர்களுக்குத் தெரியாது.

எட்மன்டனிலிருந்து யெல்லோநைஃப், அங்கிருந்து நார்மன் வெல்ஸ். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, மெக்கன்ஸி ஆற்றங்கரையில் ஒரு குட்டி ஊர். அங்கே நாலு பேர் உட்காரும் விமானம் காத்திருந்தது. பைலட் மூட்டைகளை நிறுத்தார். பிறகு எங்களையும் நிறுத்தார். என் எடையைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார். மளிகைக் கடையில் பருப்பு மூட்டைக்குக்கூட இவ்வளவு விளம்பரம் கிடையாது.

கொஞ்சம் சட்டம் சொல்லிவிடுகிறேன். இந்த மலைப் பகுதி சுமார் 1,40,000 சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. டெனே பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மலை. வெளியாட்களுக்கு 1965ல்தான் திறந்துவிட்டார்கள். எட்டுப் பாகமாகப் பிரித்து எட்டு நிறுவனங்களுக்கு லைசென்ஸ். அந்தப் பிரதேசத்தில் குடியிருக்காதவர் யாரானாலும், கனடாக்காரரே ஆனாலும், இவர்கள் மூலமாகத்தான் போகவேண்டும். கூடவே கைடு இருக்கவேண்டும். விமானத்திலிருந்து இறங்கின சூட்டோடு சுடக் கூடாது. சாப்பிடக்கூடிய கறியை மலையிலேயே விட்டுவிட்டு வருவது குற்றம். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து ஹாலில் மாட்டுகிற வேலை நடக்காது. நம் நாட்டில் 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு ஷிகார் ஆசாமிகள் கடையைக் கட்டினார்கள். இங்கே கதை வேறு.

விமானம் மலைக்குள் நுழைந்ததும், கீழே பள்ளத்தாக்கில் அரித்துப்போன ஒரு பழைய ரோடு தெரிந்தது. பெரியவர் என் தோளைத் தட்டிக் காட்டினார். "கேனால்" என்றார். பூனைக்கு மீன் கடை மாதிரி அவருக்கு எண்ணெய்க் குழாய். பத்து நாளும் அந்தக் கதையைத் தவணை முறையில் சொன்னார்.

இரண்டாம் உலகப்போர் சமயம். ஜப்பான்காரன் அலாஸ்கா பக்கம் வந்துவிடுவான் என்று அமெரிக்க ராணுவத்துக்குப் பயம். நார்மன் வெல்ஸ் எண்ணெயை இந்த மலைகளைத் தாண்டி வைட்ஹார்ஸ் வரை குழாயில் கொண்டுபோகத் தீர்மானித்து 1942ல் ஆரம்பித்தார்கள். 900 கிலோமீட்டருக்கு மேல். செலவு எகிறியது. போர்ச் செலவுகளை விசாரித்த செனட் குழு 1943ல் 'இது தேவைதானா?' என்று குடைந்தது. குழுவின் தலைவர் ட்ரூமன். பிற்பாடு ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். ராணுவம் கேட்கவில்லை. 1944ல் எண்ணெய் ஓடியது. 1945ல் மூடிவிட்டார்கள். 13 கோடி டாலருக்கு மேல் காலி. லாரிகளையும் பம்ப் நிலையங்களையும் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள்.

"இவ்வளவு போட்டாச்சு, நிறுத்தக் கூடாதுன்னு நினைச்சிருப்பாங்க சார்" என்றேன் அனுதாபத்தோடு. எனக்கு அந்த ராணுவம் சொந்தக்காரர்கள் மாதிரி தோன்றியது.

ஆற்று நடுவே கூழாங்கல் திட்டில் எங்களை இறக்கிவிட்டு விமானம் போய்விட்டது. கைடுக்கு இருபத்தாறு வயது இருக்கும். குளிர்காலத்தில் தச்சு வேலை, வேனிலில் இது. வந்தவுடன் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தான். தினம் பார்க்கிற மிருகங்களை எல்லாம் எண்ணி எழுதவேண்டும்: கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை. வேட்டைக்காரர்கள் தரும் இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்து வனத்துறையினர் அறிக்கை போடுகிறார்களாம். துப்பாக்கி இல்லாத ஆள் எழுதினால் சௌகரியம் என்றான். காலேஜ் விட்டு இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு பேரேடு கிடைத்தது!

முதல் மூன்று நாள் மழையும் மூட்டமும். படிவத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கூடாரத்துக்குள் மூன்று பேர். பெரியவர் குறட்டை விடுவார்; இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. நான் கண்ணைத் திறந்துகொண்டு, முப்பது லட்சத்தைப் பத்து நாளால் வகுத்து, நாளொன்றுக்கு மூன்று லட்சம், மணிக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அவர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஒரு லட்ச ரூபாய்த் தூக்கம்.

நாலாம் நாள் மூட்டம் விலகியது. ஒரு பனித் திட்டின்மேல் கேரிபு கூட்டம் படுத்திருந்தது. கொசுவுக்கும் ஈக்கும் பயந்து பனிமேல் போய்ப் படுக்குமாம். இந்த மான் இனத்தில் பெட்டைக்கும் கொம்பு உண்டு. மான் வகைகளிலேயே இது ஒன்றில்தான். ஒளிந்திருந்த எங்களைத் தாண்டி ஒரு சிறு கூட்டம் நடந்தபோது டிக் டிக் என்று சத்தம். காலில் தசைநார் எலும்புமேல் வழுக்கும் சத்தமாம். ஐம்பது பேர் ஒரே சமயத்தில் பால்பாயின்ட் பேனாவை அமுக்குகிற மாதிரி. எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது.

கடைசியாக வந்த பெரிய ஆணைப் பெரியவர் சுட்டார். சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் அது முழங்கால் மடித்துவிட்டது.

இந்த இடத்தில் நான் பரிதாபப்பட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் மதிப்பு வரும். பட்டேன்தான். அதன் கொம்புமேல் வெல்வெட் மாதிரி மெத்தென்ற தோல் இன்னும் இருந்தது. தொட்டேன், சூடு ஆறவில்லை. தொண்டையை என்னவோ செய்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றி, அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஃபோட்டோ எடுக்கட்டுமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

ஆனால் அன்று ராத்திரி வில்லோ விறகில் விலாக்கறி வாட்டியபோது, அண்ணி பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்த மிளகு சீரகப் பொடியை நான்தான் எடுத்துத் தூவினேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனும் நான்தான். பாய் கடையில் ஆட்டின் முகத்தைப் பார்க்காமல் வாங்கித் தின்கிறவன், முகத்தைப் பார்த்தபிறகும் தின்னத்தான் செய்கிறான். கைடு மீதிப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாள் பூராவும் கறி சுமந்தோம். என் முதுகில் இருபது கிலோ. பாசியும் தண்ணியும் கலந்த தரை. மெத்தைமேல் நடக்கிற மாதிரி, ஆனால் மெத்தைக்குள் கிணறு இருக்கும். பொன்னி அரிசி எவ்வளவு சாது என்று அன்றுதான் புரிந்தது. அந்தக் கறியில் பெரும் பகுதி பிறகு நார்மன் வெல்ஸ் ஊர்ப் பெரியவர்களுக்குப் போயிற்று.

இனி செம்மறி.

டால் செம்மறி வெள்ளை வெளேர் என்று இருக்கும். பச்சை மலையில் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் ஐந்தாம் நாள் ஒரு கிடாவைக் கண்டுபிடித்தேன். கைடு ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தான். "நகர்ந்தா ஆடு. நகரலைன்னா பனி" என்றான். இரண்டு மணி நேரம் பார்த்தோம். பனியும் இல்லை, கல்.

பெட்டைகளும் குட்டிகளும் தினமும் வந்தன. என் பேரேடு நிரம்பியது. கிடாக்கள் தனிக் கூட்டம், தனி மலை. கண் பார்வை அவற்றுக்குப் பிரமாதம். ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் நாம் மலையின் பின்பக்கமாக ஏறி, மேலிருந்து இறங்கவேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. ஏறுவதற்கு ஆறு மணி நேரம். உதிர்கல் சரிவில் இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கும். ஆறாம் நாள் ஏறினோம். காற்று திரும்பி, வாசனை பட்டு ஓடிவிட்டன. ஏழாம் நாள் ஏறினோம், யாருமில்லை. எட்டாம் நாள் பெரியவரின் உதடு நீலமாக இருந்தது. "நாளைக்கும் ஏறலாம்" என்றார். நான் இருபத்துநாலு லட்சம் போயிற்று என்று எழுதிக்கொண்டேன். அரசாங்கப் படிவத்தில் இல்லை, மனசுக்குள்.

ஒன்பதாம் நாள் பிற்பகல், மலை முகட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே இருநூற்றைம்பது மீட்டரில் ஒற்றைக் கிடா. படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. காற்று எங்கள் முகத்தில். மறுநாள் காலை விமானம்.

செம்மறிக் கொம்பு மான் கொம்பு மாதிரி வருஷா வருஷம் விழுந்து முளைப்பதில்லை. பிறந்ததிலிருந்து ஒரே கொம்பு. கோடையில் வளரும், குளிரில் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு வளையம். மான் கொம்பு வருடாந்தர பட்ஜெட். செம்மறிக் கொம்பு முன் வருஷத்து பாக்கி, அப்படியே அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. வளையங்களை எண்ணினால் வயது. சட்டப்படி கொம்பு முக்கால் சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். ஆனால் நல்ல கைடுகள் வயதையும் பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக் கிழக் கிடா இன்னும் ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிகம். அதை எடுத்தால் மந்தைக்கு நஷ்டம் குறைவு. பெரியவர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "என் வயசுக் கிடாவா ஒண்ணு பாரு. எட்டுக்குக் கீழ வேணாம்."

கைடு ஸ்கோப்பில் கால் மணி நேரம் பார்த்தான். "சட்டப்படி சரி. முக்காலுக்கு மேல சுத்தியிருக்கு. ஏழு வயசு. உங்க இஷ்டம்."

பெரியவர் துப்பாக்கியை முதுகுப் பைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கன்னத்தில் வெள்ளைத் தாடி, மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பாமலே, "நீ கணக்குப் படிச்சவனாச்சே. நீயும் எண்ணு" என்றார்.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அடேயப்பா, எவ்வளவு கிட்டே! அதன் கண் மஞ்சளாக இருந்தது. தாடை அசைந்துகொண்டே இருந்தது. கொம்பில் வளையங்கள், தச்சன் பென்சில் கோடு போட்ட மாதிரி. எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. நுனியிலிருந்து எண்ணினாலும் ஏழு, அடியிலிருந்து எண்ணினாலும் ஏழு.

"எட்டு சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உயிர் போகிற விஷயம். எனக்கு ஆட்டுமேல் விரோதம் கிடையாது. துப்பாக்கிமேல் ஆசை கிடையாது. பத்து நாள் முன்பு சென்னைக்குப் போன் போட்டபோது, 'சுடறதை நான் பார்க்கமாட்டேன், கண்ணை மூடிப்பேன்' என்று பெருமையாகச் சொன்னவன் நான். ஆனால் அந்த நிமிஷம் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: முப்பது லட்சம். மூன்று நாள் மழை, நாலு நாள் ஏற்றம், நாளைக்கு விமானம், வெறுங்கை. ஒரு வளையம் கூட்டிச் சொன்னால் கணக்கு நேராகிவிடும். பாலன்ஸ் ஷீட் ஒட்டாதபோது 'இதர செலவுகள்' என்று ஒரு வரி சேர்ப்பதில்லையா? அப்படி ஒரு வளையம்.

கைடு என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பணம் கட்டினவர் முன்னால் அவருடைய ஆளை மறுத்துப் பேசுகிற தொழில் இல்லை அவனுடையது.

பெரியவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையால் நகர்ந்து ஸ்கோப்புக்கு வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கிடா எழுந்து, சோம்பல் முறித்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுடுவதற்கென்றே நின்ற மாதிரி.

"ஏழு" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே கிடந்தோம். அது இரண்டு வாய் புல் தின்றது. பிறகு அவசரமே இல்லாமல் பாறைகளுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு எழுந்து, 'சார், போகுது சார்!' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அகிம்சா மூர்த்தி!

கீழே இறங்க இருட்டிவிட்டது. வழி முழுக்க யாரும் பேசவில்லை. கூடாரத்தில் கைடு தூங்கின பிறகு, இருட்டில் பெரியவர் குரல் வந்தது.

"எதுக்கு எட்டுன்னு சொன்னே?"

தப்பாகத் தெரிந்தது, வெளிச்சம் சரியில்லை என்று இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. வாயில் வேறு வந்தது. "உங்க பணம் போயிடுதேன்னுதான் சார்."

அவர் சிரித்தார். தூக்கப் பை குலுங்குகிற சத்தம் கேட்டது. "பணம் ரெண்டு வருஷம் முன்னாடியே போயிடுச்சுப்பா. இன்னிக்கு இருந்தது ஆடு மட்டும்தான்."

இரண்டாம் வருஷம் காஸ்டிங் பேப்பரில் இது ஐந்து மார்க் கேள்வி. எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன். அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்.

காலையில் விமானம் வரத் தாமதம். கைடுக்குக் கொடுக்கவேண்டிய அன்பளிப்பைப் பெரியவர் கவரில் போட்டுக் கொடுத்தார். அவன் எண்ணாமல் பைக்குள் வைத்தான். மிளகுப் பொடி இருந்த அதே பை. பிறகு என்னிடம், "படிவம் முடிச்சாச்சா?" என்றான்.

சாமான் பெட்டிமேல் உட்கார்ந்து கடைசி நாள் கணக்கை எழுதினேன். சுட்டது: கேரிபு 1, செம்மறி 0. ஒன்பதாம் நாள் பார்த்தது: கிடா 1. பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கோடு இருந்தது. வயது ஏழு என்று எழுதி, ஏழை இன்னொரு தடவை அழுத்தி எழுதினேன்.

பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பானையில் மிச்சமிருந்த கறுப்புக் காப்பியை என் டம்ளரில் ஊற்றிவிட்டு, விமானச் சத்தம் கேட்கிறதா என்று ஆற்றுப் பக்கம் நடந்தார்.